கல்வெட்டுச் சுவரின் தொடர்படமும் மென்பொருள் தேர்வும்: நாங்குநேரி வட்டாரக் கோயில்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கோயிற் சுவரிலும் அதிட்டானத்திலும் நீண்டு செல்லும் கல்வெட்டு வரியை ஒரே ஒளிப்படத்துள் அடக்குதல் இயலாது. பல படங்களாக எடுத்து மென்பொருளின் துணையால் ஒன்றாக இணைக்கும் வழக்கம் கல்வெட்டு ஆய்வாளரிடையே பரவி வருகின்றது. இணைக்கும் மென்பொருள்கள் இயற்கைக் காட்சிகளைக் கருத்திற்கொண்டு உருவானவை. எழுத்தைக் காப்பது அவற்றின் நோக்கமன்று. இணைப்பு நிகழும் இடத்தில் ஓர் எழுத்து மறைவதும் இரட்டிப்பதும் பாடத்தையே மாற்றிவிடும். எனவே மென்பொருள் தேர்வு பாடத் தெளிவு சார்ந்த சிக்கலாகின்றது. தாமிரபரணிப் பகுதியின், சிறப்பாக நாங்குநேரி வட்டாரத்தின், கோயிற் கட்டட அமைப்பையும் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளின் எழுத்தியல்பையும் அடிப்படையாகக் கொண்டு இத்தேர்வுக்குரிய அளவுகோல்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டு, மைப்படி, தொடர்படம், இடமாறு தோற்றப்பிழை, நாங்குநேரி, அதிட்டானம், ஹுகின்.

முன்னுரை

நம்மாழ்வாரால் பாடப்பெற்ற சீவரமங்கை என்னும் நாங்குநேரி, வானமாமலை, தோத்தாத்திரி என்னும் பெயர்களாலும் வழங்கப்பெறும் வைணவத் தலமாகும். இவ்வூரின் பழம்பெயரோடு பராந்தக நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு கூறும் ஊர்ப்பெயரை இணைத்துக் காணும் வழக்கம் ஆய்வுலகில் உண்டு. அவ்விணைப்பின் பொருத்தம் ஈண்டு ஆராயப்படவில்லை. செப்பேட்டுக்கும் கல்வெட்டுக்கும் உள்ள ஒரு வேறுபாடே இங்கு வேண்டப்படுவது. செப்பேட்டின் ஏடு கையில் எடுத்துப் பார்க்கத்தக்கது. ஒரு பக்கம் ஒரே படத்தில் முழுமையாக அடங்கும். கோயிற் கல்வெட்டோ சுவரின் நீளம் முழுதும் ஓடி, மூலையில் திரும்பி, அரைத்தூண்களின் மேல் ஏறி இறங்கி, அடுத்த சுவரிலும் தொடரும். அதனைப் படிப்பவர் வரியோடு நடந்து சென்றே படித்தல் வேண்டும். நடந்து படித்ததை மேசையின்மேல் விரித்துக் காணும் விருப்பத்திலிருந்தே தொடர்படம் பிறக்கின்றது.

இவ்விருப்பம் புதியதன்று. கல்லில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிப் பதித்து, மையொற்றி எடுக்கும் மைப்படி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இப்பணியைச் செய்து வந்துள்ளது. மைப்படிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தாள் கல்லைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் எழுத்தின் அளவும் எழுத்துகளுக்கு இடையிலான தொலைவும் உள்ளபடியே பதிவாகின்றன. நீண்ட வரிக்குப் பல தாள்கள் வேண்டியிருப்பினும், தாளின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். எங்கே ஒரு தாள் முடிந்து மற்றொன்று தொடங்குகின்றது என்பதில் ஐயம் எழாது. ஒளிப்படத் தொடர்படம் இவ்விரண்டு நன்மைகளையும் இழக்கக்கூடியது. வில்லையின் வழியே வரும் படத்தில் அளவு தொலைவைப் பொறுத்து மாறும். இணைப்போ கண்ணுக்குத் தெரியாதவாறு மறைக்கப்படும். மறைப்பதில் வெற்றி பெற்ற மென்பொருளே சிறந்ததெனச் சந்தையில் புகழப்படுகின்றது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

திருப்பணிகளின்போது சுவர்களை மணல்வீச்சு முறையில் தூய்மை செய்ததால் எழுத்துகள் மழுங்கிய கோயில்கள் தமிழகத்தில் உள்ளன. அம்முறை பின்னர்த் தடைசெய்யப்பட்டது. எனினும் சுண்ணாம்புப் பூச்சு, எண்ணெய்ப் பிசுக்கு, புதிய தளவரிசை ஆகியவற்றால் அதிட்டானத்தின் கீழ்வரிகள் மறைவது தொடர்கின்றது. இத்தகைய இடங்களில் ஓர் ஒளிப்படமே பாடத்திற்கு இறுதிச் சான்றாக எஞ்சும் நிலை உண்டு. அச்சான்று மென்பொருளால் திருத்தப்பட்டதாயின், பின்வருபவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தெளியவும் வழியிராது.

இணைப்பின் அடிப்படை

இரு படங்களை இணைக்கும் மென்பொருள் முதலில் இரண்டிலும் பொதுவாக உள்ள புள்ளிகளைத் தேடுகின்றது. 1999இல் டேவிட் லோ அறிமுகப்படுத்திய ‘சிஃப்ட்’ என்னும் முறை இத்தேடலை எளிதாக்கியது. அளவு மாறினும் திரும்பினும் ஒரு புள்ளியை அடையாளம் காணவல்லது அம்முறை. மேத்யூ பிரவுனும் லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, படங்களின் வரிசையைக்கூடக் கேளாமல் தானே கண்டறிந்து இணைக்கும் வழியைக் காட்டியது. ‘ஆட்டோஸ்டிச்’ என்னும் மென்பொருள் அதன் பயன். தவறான பொருத்தங்களை நீக்கும் ‘ரான்சாக்’ முறை 1981ஆம் ஆண்டினது. இணைப்பைக் கண்ணுக்குப் புலனாகாமல் கலக்கும் பல்லலைக் கலப்பு முறை 1983இல் பர்ட், அடெல்சன் ஆகியோர் வகுத்தது. இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளம் இவையே. ஆதலின் மென்பொருள்களுக்கு இடையிலான வேறுபாட்டை, அவை எதைச் செய்கின்றன என்பதைவிட, எதைப் பயனரின் கையில் விடுகின்றன என்பதில் தேடுதல் பொருந்தும்.

பொதுப்புள்ளிகள் கிடைத்தபின் ஒரு படத்தை மற்றொன்றின் மேல் பொருத்த ஒரு கணக்கீடு வேண்டும். இக்கணக்கீடு இரண்டு சூழல்களில் மட்டுமே பிழையின்றி அமையும். ஒன்று, படக்கருவி இடம் பெயராமல் ஒரே புள்ளியில் நின்று சுழல்வது. அப்போது எதிரே உள்ளது மலையாயினும் மண்டபமாயினும் பொருந்தும். மற்றொன்று, படக்கருவி இடம் பெயர்ந்தாலும் எதிரே உள்ளது முழுச் சமதளமாக இருப்பது. இவ்விரண்டிற்கும் புறம்பான சூழலில் முன்னுள்ள பொருளும் பின்னுள்ள பொருளும் வெவ்வேறு அளவில் நகர்ந்து காட்சியளிக்கும். இதுவே இடமாறு தோற்றப்பிழை.

முதற்சூழலுக்குத் தாமிரபரணிக் கரையில் நல்ல சான்று திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில். அதன் ஐந்துநிலைக் கோபுரத்தின் உள்தளங்களில் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் நிறைந்துள்ளன. கோபுரத்தின் உட்புறமாதலின் பின்னால் விலகி நின்று ஒரு சுவரை முழுதாகப் படமெடுக்க இடம் போதாது. நடுவில் முக்காலியை நிறுத்தி, வில்லையின் நுழைவாயிற் புள்ளி நகராதவாறு கருவியைச் சுழற்றி எடுப்பதே அங்குப் பொருத்தமான வழி. நாங்குநேரிக் கோயிலின் வீரப்ப நாயக்கர் மண்டபம் போன்ற தூண் மண்டபங்களுக்கும் இதுவே முறை. இத்தகைய பணியை இன்றைய மென்பொருள்களுள் பெரும்பாலானவை குறைவின்றிச் செய்கின்றன. ஆகவே அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கல்வெட்டு இரண்டாம் சூழலைச் சார்ந்தது. வரியோடு நடந்து எடுப்பதால் கருவி இடம் பெயர்கின்றது. ஆதலின் சுவர் சமதளமாக இருந்தே ஆகவேண்டும். தமிழகக் கோயிற் சுவரோ சமதளமன்று.

அரைத்தூணும் ஓர் எழுத்தும்

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். 36 மி.மீ. அகல உணர்வியும் 6000 பிக்சல் அகலப் படமும் தரும் கருவியில் 50 மி.மீ. வில்லையைப் பொருத்தி, சுவரிலிருந்து 1.5 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். ஒரு படத்தில் 1.08 மீட்டர் அகலச் சுவர் அடங்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்தரைப் பிக்சலுக்குச் சற்று மிகுதியாகக் கிடைக்கும். எழுத்தைத் தெளிவாகப் படிக்க இது போதுமானது. அடுத்தடுத்த படங்கள் பாதியளவு ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டுமாயின் கருவியை ஒவ்வொரு முறையும் 54 செ.மீ. நகர்த்த வேண்டும். 9 மீட்டர் நீளச் சுவரின் ஒரு வரிசைக்கு 16 படங்கள் தேவைப்படும்.

இச்சுவரில் 10 செ.மீ. முன்துருத்தி நிற்கும் அரைத்தூண் ஒன்று உளதெனில், அதன் முகப்பு கருவியிலிருந்து 1.4 மீட்டர் தொலைவில் அமையும். கருவி 54 செ.மீ. நகரும்போது சுவரில் உள்ள எழுத்து 54 செ.மீ. நகர்ந்ததாகப் படத்தில் தோன்ற, அரைத்தூணின் முகப்பில் உள்ள எழுத்து ஏறத்தாழ 57.9 செ.மீ. நகர்ந்ததாகத் தோன்றும். வேறுபாடு 3.9 செ.மீ.; பிக்சலில் 214. கல்வெட்டில் ஓரெழுத்து பிடிக்கும் இடமும் ஏறத்தாழ இவ்வளவே. மென்பொருள் சுவரைப் பொருத்தினால் அரைத்தூணில் ஓர் எழுத்து இரட்டிக்கும் அல்லது மறையும். அரைத்தூணைப் பொருத்தினால் சுவரில் அது நிகழும். இரண்டையும் ஒருங்கே பொருத்துவதாகக் கூறும் மென்பொருள் படத்தை ஆங்காங்கே வளைத்தே அதனைச் செய்ய இயலும். வளைத்த இடத்தில் எழுத்தின் வடிவம் சான்றாகாது.

அதிட்டானத்தில் நிலைமை இன்னும் கடினமானது. ஜகதி ஒரு தளத்திலும், குமுதம் மற்றொரு தளத்திலும், பட்டிகை பிறிதொரு தளத்திலும் அமையும். முப்பட்டைக் குமுதமாயின் அதன் மூன்று முகங்களும் மூன்று சாய்வுகளில் இருக்கும். உருள்குமுதமாயின் தளம் என்பதே இல்லை. ஜகதியையும் குமுதத்தையும் ஒரே படத்தொகுதியாக எடுத்து ஒரே தொடர்படமாக இணைக்க முயல்வது தவறான தொடக்கம். ஒவ்வோர் உறுப்புக்கும் கருவியின் உயரத்தை மாற்றித் தனித்தனி வரிசையாக எடுத்து, தனித்தனித் தொடர்படமாக ஆக்குதலே நெறி. உழைப்பு இரட்டிக்கும் என்பது உண்மையே. மைப்படி எடுப்போரும் குமுதத்திற்குத் தனித்தாளையே ஒட்டினர்.

முழுதும் வளைந்த பரப்பிற்கு நாங்குநேரிக்கு அண்மையிலேயே சான்றுண்டு. திருக்குறுங்குடிக் கோயிலுக்கு வேணாட்டு மன்னர் ஆதித்தவர்மர் கொல்லம் ஆண்டு 644இல் (கி.பி. 1468-69) அளித்த மணியின் எழுத்து அத்தகையது. மணியைச் சுற்றி எடுத்த படங்களை இணைக்கும் மென்பொருளிடம் சமதளம் என்று கூறுவதும் பொய். சுழலும் கருவி என்று கூறுவதும் பொய். இத்தகைய பொருளுக்குத் தொடர்பட மென்பொருளை நாடாமல், பல கோணப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவை ஆக்கி அதனை விரித்துத் தரும் மெட்டாஷேப், மெஷ்ரூம் போன்றவற்றை நாடுவதே தக்கது.

எழுத்தியல்பும் இணைப்புப் பிழையும்

இணைப்புப் பிழை எல்லா எழுத்து முறைகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ரகர எழுத்தும் கால் குறியும் வடிவில் வேறுபடுவதில்லை. எகர ஏகார வேறுபாடு எழுத்தில் இல்லை. ஐகாரக் குறி, ஒற்றைக் கொம்பு இரண்டு அடுத்தடுத்து நிற்பதாக எழுதப்படுகின்றது. இவ்வியல்புகளோடு இரட்டைச் சாயலை இணைத்துப் பார்த்தால் இடரின் அளவு விளங்கும். ஓர் ஒற்றைக் கொம்பு இணைப்பிடத்தில் இரட்டித்தால் அது ஐகாரமாகும். ஐகாரத்தின் ஒரு கொம்பு மறைந்தால் எகரமாகும். ஒரு நெடுங்கோடு இரட்டித்தால் கால் ஒன்று மிகும்; அல்லது ரகரம் ஒன்று பிறக்கும். விளைவது பொருளற்ற கிறுக்கலாக இருப்பின் படிப்பவர் ஐயுறுவர். ஆனால் இவ்விடங்களில் பிழை ஒரு செம்மையான சொல்லாகவே தோன்றக்கூடும். ஐயத்திற்கு இடம் தராத பிழையே பதிப்பில் நிலைத்து நிற்பது.

பாண்டிய நாட்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் பிற்காலத்தில் பல எழுத்துகள் வடிவில் மிக நெருங்கிவிடுகின்றன. அங்கு ஒரு வளைவின் முனையளவே இரண்டு எழுத்துகளுக்கு எல்லை. கலப்பு முறையில் அம்முனை மங்கினால் படிப்பு ஊகமாகிவிடும்.

பாண்டியர் கல்வெட்டுகளுக்கே உரிய ஆட்சியாண்டுக் குறிப்பு முறையை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வெ. வெங்கையா பதிப்பித்த வரகுண மகாராசரின் அம்பாசமுத்திர வட்டெழுத்துக் கல்வெட்டு, நான்காம் ஆண்டின் எதிர் பன்னிரண்டாம் ஆண்டினது. அதாவது 16ஆம் ஆட்சியாண்டு. இவ்வாறு அமையும் ஒரு வரியில் ‘எதிர்’ என்னும் சொல்லும் அதனை அடுத்த எண்ணும் நிற்கும் இடம், ஒரு கை அகலத்திற்குச் சற்றே மிகுதியாக இருக்கலாம். அவ்விடம் அரைத்தூணின் ஓரத்தில் அமைந்து இணைப்பில் விழுங்கப்பட்டால், எஞ்சுவதும் முறையான ஓர் ஆட்சியாண்டே. பன்னிரண்டு ஆண்டுகள் தடமின்றி மறையும். மா, காணி, முந்திரி எனக் கீழ்வாய் இலக்கங்கள் தொடரும் நிலவளவுப் பகுதிகளிலும் இதே நிலை. ஒரு குறி குறைந்தாலும் கூட்டினாலும் நிலத்தின் அளவு மாறும், இலக்கணம் மாறாது.

இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. தானக் கல்வெட்டுகளில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும். இன்னதற்கு இவ்வளவு, இன்னாருக்கு இவ்வளவு என அடுக்கிச் செல்லுமிடத்தில் ஒரே எழுத்துக்கோவை சிறு இடைவெளிகளில் மீள்கின்றது. பொதுப்புள்ளிகளைத் தேடும் மென்பொருள் ஓரிடத்துக் கோவையை மற்றோரிடத்துக் கோவையோடு பொருத்திவிடக் கூடும். இடையில் உள்ளது விடுபட்டுப் போகும். சுவடி பெயர்த்து எழுதுவோர் ஒரே சொல் இருமுறை வருமிடத்தில் கண் தாவி இடைப்பகுதியை விட்டுவிடுவதைப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவர். பொறியின் கண்ணும் அவ்வாறே தாவுகின்றது. கல்லின் பொரிவு, உளித்தடம், காரை ஒட்டு ஆகியவை போதிய வேறுபாட்டைத் தருமிடத்தில் இப்பிழை அரிது. சுண்ணாம்பு பூசி, எழுத்துகளில் மட்டும் வெண்பொடி தேய்த்து எடுத்த படங்களில் இது நிகழும் வாய்ப்பு மிகுதி.

மென்பொருள்களை அளத்தல்

மேற்கண்டவற்றிலிருந்து கல்வெட்டுப் பணிக்குரிய மென்பொருளிடம் கேட்க வேண்டியவை தாமே புலப்படும். பொதுப்புள்ளிகளைப் பயனர் தம் கையால் இடவும் நீக்கவும் இயலுமா என்பது முதற்கேள்வி. சுவரின் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு அரைத்தூணின் புள்ளிகளை நீக்கினால், சுவர்வரி பிழையின்றிப் பொருந்தும். பின்னர் அரைத்தூணுக்குத் தனியே ஓர் இணைப்பைச் செய்துகொள்ளலாம். இவ்வுரிமையைத் தராத மென்பொருள் எத்துணை விரைவாயினும் கல்வெட்டுக்கு உதவாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இவ்வளவுகோலில் ஆட்டோஸ்டிச் முதலிலேயே விலகுகின்றது. அது முழுத் தானியங்கி. அதன் பெருமையும் அதுவே. மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவின் இமேஜ் காம்போசிட் எடிட்டர் சமதளப் பரப்பின் மேல் நகரும் கருவிக்கெனத் தனி இயக்க முறைகளைக் கொண்டிருந்தது; விலையின்றிக் கிடைத்தது; பயன்படுத்த எளிது. எனினும் புள்ளிகளைக் கையால் இடும் வசதி அதில் இல்லை. அந்நிறுவனம் அதனைப் பின்னர்த் தன் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. பழைய படிகள் கைக்குக் கை மாறி இன்றும் பயன்பாட்டில் உள்ளன; ஆய்வேட்டில் முறையியலாகக் குறிப்பிடுவதற்கு அது தக்கதன்று.

போட்டோஷாப்பின் போட்டோமெர்ஜ் பலரும் கையாள்வது. அதிலும் புள்ளிகள் பயனரின் கையில் இல்லை. ஆனால் ஒவ்வொரு படத்தையும் தனி அடுக்காகவும், அதன் எந்தப் பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை முகமூடியாகவும் தருவது அதன் சிறப்பு. இணைப்புக்கோடு எங்கே ஓடுகின்றது என்பதைக் காணலாம். தூரிகையால் அதனை நகர்த்தவும் செய்யலாம். அதே மென்பொருளில், இணைத்தபின் வெற்றிடமாக நிற்கும் ஓரங்களைச் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே நிரப்பும் தேர்வும் உண்டு. லைட்ரூமில் விளிம்பை வளைத்துச் சட்டத்தை நிரப்பும் ஏற்பாடு உண்டு. கடற்கரைக் காட்சிக்கு இவை நல்லவை. கல்வெட்டில் இவை இல்லாத கல்லையும் சில வேளை இல்லாத எழுத்தையும் படைப்பவை. இவற்றை முடக்கி வைத்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். கோப்பின் அளவும் கருதத்தக்கது. முன்னர்க் கணக்கிட்ட 9 மீட்டர்ச் சுவரின் தொடர்படம் 50,000 பிக்சல் நீளம் வரும். போட்டோஷாப்பின் வழக்கமான கோப்பு வடிவம் ஒரு பக்கத்திற்கு 30,000 பிக்சலையே ஏற்கும். பெருங்கோப்பு வடிவத்தைத் தேர்ந்தாக வேண்டும். ஜேபெக் வடிவத்தின் எல்லை 65,535 பிக்சல். எனவே 12 மீட்டர்ச் சுவர் ஒன்று அதே தெளிவில் அதனுள் அடங்காது. படத்தைச் சுருக்கிச் சேமிப்பது எளிய தீர்வாகத் தோன்றும். சுருக்கப்பட்ட படத்தில் முதலில் இழக்கப்படுவது மெல்லிய கீறலே.

எஞ்சுபவை இரண்டு. 1998இல் செருமானியப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ் உருவாக்கிய ‘பனோரமா டூல்ஸ்’ என்னும் நிரல்தொகுதியிலிருந்து கிளைத்தவை இரண்டுமே. நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் பி.டி.கூயி விலைகொடுத்துப் பெறுவது, விரைவானது, புள்ளிகளைக் கையால் இட இடந்தருவது, இடம் பெயர்ந்து எடுத்த படத்தை ஒரு சமதளத்திற்கு ஏற்பத் திருத்தும் வசதி அதன் உயர்பதிப்பில் உண்டு. பாப்லோ டி ஆஞ்சலோ தொடங்கிய ஹுகின் விலையற்றது, மூலநிரல் திறந்தது, கருவியின் சுழற்சியோடு அதன் இடப்பெயர்ச்சியையும் மூன்று அச்சுகளில் கணக்கிட வல்லது. ஆதலின் சுவரோடு நடந்து எடுத்த படங்களை நேர்முகத் தளமாக இணைக்க அதனால் இயலும். அதனைக் கற்கச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. தொடக்கநிலைப் பயனருக்கு அதன் முகப்பு அச்சுறுத்துவதாகவே இருக்கும்.

ஆயினும் தமிழ்த்துறை ஆய்வாளருக்கு ஹுகினே பொருத்தமானது எனக் கருதுவதற்கு விலையைவிட வலுவான காரணம் ஒன்றுண்டு. அதன் பணிக்கோப்பு எளிய உரைக்கோப்பு. எந்தப் படங்கள் சேர்ந்தன, ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்த்தப்பட்டது, எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு பொருத்தப்பட்டது என்பதெல்லாம் அதில் எழுத்தாக உள்ளன. மென்பொருளே இல்லாதவரும் அதைத் திறந்து படிக்கலாம். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் மதிப்பு, கொண்ட பாடத்தில் மட்டுமன்றிக் கொள்ளாத பாடத்தையும் அடிக்குறிப்பில் காட்டியதில் உள்ளது. பணிக்கோப்பு தொடர்படத்திற்கு அத்தகைய அடிக்குறிப்பு. பிரெஞ்சு நிறுவனமான கோலோரின் ஆட்டோபானோவை இதனோடு ஒப்பிடலாம். ஒரு காலத்தில் பலரும் விரும்பிய மென்பொருள் அது. 2015இல் கோலோரை கோப்ரோ வாங்கியது. 2018இல் அப்பணி நிறுத்தப்பட்டது. நிறுவனம் மறையினும் ஆய்வு மறையாதிருக்க வேண்டுமாயின், சான்று ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருத்தல் ஆகாது.

ஒளியும் காலமும்

மென்பொருளைப் பற்றிய பேச்சில் ஒளி மறக்கப்படுகின்றது. மழுங்கிய எழுத்து சாய்ந்த ஒளியிலேயே தெரியும். நாங்குநேரி ஏறத்தாழ 8.5 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஆகவே ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்டு இறுதி வரை நண்பகற் சூரியன் வடக்கே நிற்கும். கிழக்கு நோக்கிய கோயிலின் வடசுவர் அப்போது வெயில் பெறும். ஜூன் மூன்றாம் வாரத்தில் நண்பகல் ஒளி சுவரோடு 15 பாகைச் சாய்வில் மேலிருந்து இறங்கும். கேட்பதற்கு இது மிக வாய்ப்பான ஒளி. ஆனால் மேலிருந்து வரும் ஒளியில் கிடைக்கோடுகள் நிழல் பெறும். நெடுங்கோடுகள் ஒளியின் போக்கிலேயே செல்வதால் நிழலின்றி மறையும். ரகரமும் காலும் நெடுங்கோட்டாலானவை. அவற்றுக்குப் பக்கவாட்டில் சாயும் காலை அல்லது மாலை ஒளியே வேண்டும். எனவே ஒரே சுவரை இருவேளைகளில் எடுத்து இரண்டு தொடர்படங்கள் ஆக்குதல் நன்று. இரண்டையும் கலந்து ஒன்றாக்குதல் நன்றன்று. ஒன்றின் நிழல் மற்றொன்றில் கீறலாகத் தோன்றும். கூரையிட்ட திருச்சுற்றுகளில் விளக்கைக் கையில் ஏந்தி இதே விளைவைப் பெறலாம்; விளக்கும் கருவியோடு ஒரே தொலைவில், ஒரே கோணத்தில் நகர்தல் வேண்டும்.

சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கின்றது. 16 படங்களைப் பத்து மணித்துளிகளில் எடுத்து முடித்தால் நிழலின் திசை இரண்டரைப் பாகையே மாறும். இடையில் பூசைக்காக நிறுத்தி ஒரு மணிநேரம் கழித்துத் தொடர்ந்தால், அவ்விடத்தில் இணைப்பு எந்த மென்பொருளாலும் சீராகாது. ஒளியளவை மென்பொருள் சமன் செய்யும். நிழலின் திசையைச் சமன் செய்யாது. அத்தகைய வரிசையை முதலிலிருந்து மீண்டும் எடுப்பதே உழைப்பை மிச்சப்படுத்தும் வழி.

இணைப்புக்கோட்டின் இடம்

ஹுகினோடு வழங்கப்படும் ‘என்பிளெண்ட்’ இணைப்புக்கோட்டைத் தானே தேர்ந்து வரைகின்றது. அதன் தேர்வு நிற வேறுபாடு குறைந்த வழியை நாடுவது, எழுத்தை அறியாது. ஆதலின் கோட்டை முகமூடிகளால் ஆய்வாளரே நெறிப்படுத்த வேண்டும். தமிழ்க் கல்வெட்டில் சொற்களுக்கு இடையே இடம் விடப்படுவதில்லை. எழுத்துகளுக்கு இடையே கோட்டை நுழைக்கலாம் எனினும் நெருக்கமான வரிகளில் அதுவும் எளிதன்று. கல்லே இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. சுவர் தனித்தனிக் கற்களால் ஆனது. கற்கள் சேரும் இணைப்பில் இயல்பாகவே ஒரு நிழற்கோடு உண்டு. தொடர்படத்தின் இணைப்புக்கோட்டை அந்நிழற்கோட்டின் மேலேயே அமைத்தால், ஒவ்வொரு கல்லும் ஒரே ஒளிப்படத்திலிருந்து வந்ததாகும். கல்லுக்குள் உள்ள எந்த எழுத்தும் இரண்டு படங்களின் கலப்பாக இராது. மிக நீண்ட கற்களில் மட்டும் இது இயலாது. அங்குக் கோடு ஓடும் இடத்தைப் படத்தின் மேல்விளிம்பில் சிறு குறியால் காட்டிவிட வேண்டும். ஐயத்திற்குரிய எழுத்தைப் பகர அடைப்பில் இடுவதும் சிதைந்ததைப் புள்ளிகளால் குறிப்பதும் கல்வெட்டுப் பதிப்பில் வேரூன்றிய மரபுகள். இக்குறியும் அவற்றோடு சேரத்தக்கதே.

கல் வழியே கோட்டை அமைப்பதில் மற்றொரு பயன் உண்டு. திருப்பணிகளில் கற்கள் பிரித்தெடுக்கப்பட்டு இடம் மாறி அடுக்கப்பட்ட சுவர்கள் பல. அங்கு வரி ஒரு கல்லில் முறிந்து, வேறெங்கோ உள்ள கல்லில் தொடரும். கற்களைத் தனித்தனிப் படங்களாகக் கொண்ட பணிக்கோப்பில் அவற்றைப் பாட ஒழுங்கிற்கேற்ப வரிசை மாற்றிப் பார்ப்பது எளிது. ஆனால் அம்மாற்றம் ஆய்வாளரின் கருத்து. சுவரின் நிலை அன்று. சுவர் இன்று நிற்கும் ஒழுங்கில் ஒரு தொடர்படமும், பாட ஒழுங்கில் மற்றொன்றும் தனித்தனிக் கோப்புகளாக, தனித்தனிப் பெயர்களோடு வைக்கப்படல் வேண்டும். இரண்டாவதன் பெயரிலேயே ‘மீட்டமைப்பு’ என்னும் சொல்லும் செய்தவரின் பெயரும் நாளும் இடம்பெற வேண்டும். இணைக்கப்படாத மூல ஒளிப்படங்கள் இரண்டோடும் உடனிருத்தல் கட்டாயம்.